ஸ்னோ புளோவரும் பத்து விரல்களும்: கனடாவில் பனி அகற்றும் இயந்திரத்தை இயக்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்ரன் எனத் தமிழர்கள் வீடு வாங்கிக் குடியேறிய இடங்களில் கராஜின் ஒரு மூலையில் ஸ்னோ புளோவர் நிற்பது இப்போது வழக்கமான காட்சியாகிவிட்டது. பலரிடம் இருப்பது வீடு மாறிப் போன அயலவர் விட்டுச்சென்றதோ, உறவினர் ஒருவர் புதியது வாங்கியபோது கொடுத்ததோ ஆகும். அப்படிக் கைமாறி வரும் இயந்திரத்துடன் கையேடு வருவதில்லை. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைப் பற்றி ஊரில் நமக்குச் சொல்லித்தரத் தகப்பனோ மாமனோ இருந்தார்கள்; பனியைக் கண்டறியாத அவர்களால் இந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லித்தர முடியவில்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்புவதற்காகவே இந்தக் கேள்விகளுக்கான விடைகள் எழுதப்பட்டுள்ளன.

இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது? என்னிடம் இருப்பது எந்த வகை என்று எப்படி அறிவது?

இயந்திரத்தின் முன்வாயைப் பாருங்கள். அங்கே குறுக்காகக் கிடக்கும் சுருள் அலகில் றப்பர் துடுப்புகள் பொருத்தப்பட்டு, அவை நிலத்தைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருந்தால் அது ஒற்றைக் கட்ட இயந்திரம். அதே துடுப்புகள்தாம் பனியை அள்ளி, அதே வேகத்தில் மேலுள்ள குழாய் வழியாக எறிகின்றன. சுருள் இரும்பாலானதாகவும், விளிம்பில் வாள்பல் போன்ற வெட்டுகள் உள்ளதாகவும், அதன் பின்னால் ஒரு வட்டக் குகைக்குள் இன்னொரு விசிறி உள்ளதாகவும் இருந்தால் அது இரட்டைக் கட்ட இயந்திரம். கடைக்காரர்கள் ஓகர் என்று சொல்லும் அந்தச் சுருள் மெதுவாகச் சுழன்று பனியை நடுவுக்குக் கொண்டுவரும். இம்பெல்லர் என்று சொல்லும் விசிறி மிக வேகமாகச் சுழன்று அதை வெளியே வீசும். சுருள் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதற்குப் பயப்படுகிறார்கள். மறைந்திருக்கும் விசிறிதான் அதிக வேகமுள்ளது என்பதையும், குழாயின் மேல்வாய் வழியாகக் கையை விட்டால் கை நேராக அதனிடம்தான் போகும் என்பதையும் பலர் அறிவதில்லை.

இது கனடாவிலேயே பிறந்த இயந்திரம் என்பது ஒரு சுவையான செய்தி. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் 1925இல் இதை உருவாக்கினார். 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊத்ரமோன் நகரம் அவருடைய இயந்திரத்தை வாங்கியது. வயலில் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்பார்கள். அந்த இயந்திரமும் உள்ளே வருவது கதிரா, கையா என்று பார்ப்பதில்லை.

இதில் உள்ள மிகப் பெரிய ஆபத்து எது?

அடைப்பெடுக்கக் கையை உள்ளே விடுவதுதான். வழுக்கி விழுதல், நச்சுப் புகை, தீ, பறக்கும் கல் ஆகியவற்றையும் கீழே பார்க்கப் போகிறோம். ஆயினும் கை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இந்த ஒரு செயலைப் பற்றியே. விபத்து நடக்கும் சூழலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானது. பனி 15 சென்ரிமீற்றருக்கு மேல் விழுந்திருக்கும், வெப்பநிலை உறைநிலையை அண்டி, மறை 2 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும், பனி ஈரமாகவும் பாரமாகவும் இருக்கும், குழாய் அடைபடும். வேலைக்குப் போக நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் இருப்பவர் வழக்கமாக வேலை செய்யும் கையை உள்ளே விடுவார். மிகக் கடுங்குளிரில் மாவு போல விழும் பனி அடைபடுவது குறைவு. ஆகவே, "இன்றைக்கு அவ்வளவு குளிர் இல்லை" என்று நாம் மகிழும் நாளே அதிகம் கவனிக்க வேண்டிய நாள்.

எஞ்சினை நிறுத்திவிட்டால் கையை விடலாம்தானே?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

எஞ்சினிலிருந்து சுருளுக்கும் விசிறிக்கும் விசை ஒரு பட்டி வழியாகப் போகிறது. ஈரப் பனி குழாயின் கழுத்தில் இறுகி விசிறியைப் பிடித்து நிறுத்தும்போது, எஞ்சின் உடனே நின்றுவிடுவதில்லை. அது இன்னும் சிறிது நேரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுவை பட்டியிலும் தண்டிலும் முறுக்காகத் தேங்கி நிற்கும். நீங்கள் எஞ்சினை நிறுத்தித் திறப்பையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்ட பிறகும் அந்த முறுக்கு அப்படியே இருக்கலாம். இழுத்துப் பிடித்த கெற்றப்போலைப் போல அது காத்திருக்கிறது. விரலால் பனியைத் தோண்டி எடுத்தவுடன் பிடி தளர்கிறது. விசிறி ஒரு கால் சுற்றோ அரைச் சுற்றோ சடாரெனத் திரும்புகிறது. முழுச் சுற்றுக் கூடத் தேவையில்லை, விரல்கள் போவதற்கு அந்தக் கால் சுற்றே போதும். "மெசின் நின்றுதான் இருந்தது" என்று காயப்பட்டவர்கள் சொல்வது பொய்யல்ல. எஞ்சின் நின்றிருந்தது, முறுக்கு நிற்கவில்லை.

தடித்த கையுறை காப்பாற்றும் என்ற எண்ணமும் தவறு. கையுறையின் துணியை அலகு பிடித்துக்கொண்டால் கையும் அதனுடன் இழுபட்டுப் போகும். காலால் உதைத்து அடைப்பெடுப்பவர்களும் உண்டு. சப்பாத்துக்குள் இருப்பதும் விரல்கள்தாம்.

அப்படியானால் அடைப்பை எப்படி எடுப்பது?

முதலில் சுருளை இயக்கும் லீவரையும் சக்கரத்தை ஓட்டும் லீவரையும் விட்டுவிடுங்கள். எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றுங்கள். அலகுகள் முழுமையாக நிற்கும்வரை குறைந்தது பத்து விநாடிகள் அசையாமல் நில்லுங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் பதற்றத்தைத் தணிக்க அதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. பற்றரியில் ஓடும் இயந்திரமானால் பற்றரியையே கழற்றிவிடுங்கள். வயரில் ஓடுவதானால் வயரைப் பிடுங்குங்கள்.

அதன்பின் கோலை எடுங்கள். அண்மைக் காலத்து இயந்திரங்களின் மேற்பகுதியில் சிறு கரண்டி போன்ற பிளாஸ்ரிக் கோல் ஒன்று செருகப்பட்டிருக்கும். அது அலங்காரத்துக்கு வைக்கப்பட்டதல்ல, இந்த ஒரு வேலைக்காகவே தரப்பட்டது. அது தொலைந்துபோயிருந்தால் பழைய தும்புத்தடியின் கைபிடியை வெட்டி இயந்திரத்திலேயே கட்டிவையுங்கள். கோல் கராஜுக்குள் இருந்தால் அதை எடுக்கப் போகும் பத்து அடிகளே சோம்பலாகி, கை முந்திக்கொள்ளும். கோலை நேருக்கு நேராக முகத்துக்கு எதிரே பிடிக்காமல் சற்று ஒதுங்கி நின்று பனியை உடையுங்கள். முறுக்கு விடுபட்டால் அது கோலைத் தட்டிவிடும், சில வேளை முறித்தும்விடும். கோல் முறிந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

அடைபடாமலே ஓட்ட வழி உண்டா?

முழுமையாகத் தவிர்க்க முடியாது, ஆனால் வெகுவாகக் குறைக்கலாம். எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, நடையை மெதுவாக்குங்கள். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். ஈரப் பனியானால் இயந்திரத்தின் முழு அகலத்துக்கும் பனியைக் கொடுக்காமல் அரைவாசி அகலத்துக்கு மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். பெரும் பனிப்பொழிவென்று அறிவித்தால் முடியும்வரை காத்திராமல் நடுவில் ஒரு முறை அகற்றிவிடுங்கள். ஈரப் பனி ஒட்டாதபடி குழாயின் உட்புறத்தில் சிலிக்கோன் ஸ்பிறே பூசலாம். அதையும் எஞ்சின் நின்று, பிளக் வயர் (எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் வயர்) கழற்றப்பட்ட நிலையிலேயே செய்ய வேண்டும்.

கைபிடி லீவரை எந்நேரமும் அழுத்திப் பிடிப்பதால் கை நோகிறது. கயிற்றாலோ ரேப்பாலோ கட்டி வைக்கலாமா?

கூடவே கூடாது. நீங்கள் வழுக்கி விழுந்தாலோ, மயங்கிச் சரிந்தாலோ உங்கள் கை விட்ட அந்தக் கணத்தில் சுருள் நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்த லீவர் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பழைய இயந்திரத்தைக் கைமாற்றி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே: லீவரைச் சுற்றிக் கட்டிய அடையாளம் இருந்தாலோ, விட்ட பின்னும் சுருள் ஓடிக்கொண்டிருந்தாலோ, திருத்தாமல் அதைத் தொட வேண்டாம். கை நோவுக்கு ஏற்ற மருந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இளைப்பாறுவதுதான். சில இரட்டைக் கட்ட இயந்திரங்களில் இரண்டு லீவர்களையும் அழுத்திய பிறகு ஒரு கையை எடுத்துக் குழாயைத் திருப்பும் வசதி உண்டு. அது உற்பத்தியாளர் வைத்த ஏற்பாடு என்பதால் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

பனி விழுவதற்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

கார்த்திகை மாதத்தில், நிலம் இறுகுவதற்கு முன்னரே, டிரைவ்வேயின் இரு ஓரங்களிலும் செம்மஞ்சள் நிறக் குச்சிகளை நட்டுவிடுங்கள். பனி மூடியபின் புல் எங்கே முடிகிறது, சீமெந்துக் கட்டு எங்கே தொடங்குகிறது என்பது வீட்டுக்காரருக்கே மறந்துபோகும். பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள்: கால்மிதி, தண்ணீர்க் குழாய், பிள்ளையின் பந்து, நத்தார் விளக்கு வயர், கோடையில் வைத்த மண் தட்டு. இவை எல்லாவற்றையும்விடத் தந்திரமானது, பிளாஸ்ரிக் பையில் சுற்றி வாசலில் வீசப்படும் விளம்பரத் தாள்கட்டு. அது பனிக்கு அடியில் உறைந்து பலகைபோல் ஆகிவிடும். சுருளில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. என்னுடைய முதல் குளிர்காலத்தில் நான் அரைத்தது, வாசற்படியில் தொங்கவிட்டிருந்த விளக்கு வயரை. அன்றைக்கு இயந்திரமும் நின்றது, விளக்குகளும் நின்றன.

என்ன உடுத்த வேண்டும்?

தொங்குவது எதுவும் உடலில் இருக்கக் கூடாது. கழுத்துச் சால்வையைக் கழற்றிவிட்டு, கழுத்தோடு ஒட்டி நிற்கும் குழாய்த் துணியை மாட்டுங்கள். ஜக்கற்றின் நாடாக்களை உள்ளே செருகுங்கள். நீண்ட கூந்தலை முடிந்து தொப்பிக்குள் வையுங்கள். வீட்டுச் செருப்புடன் "ஐந்து நிமிட வேலைதானே" என்று இறங்குவதை விட்டுவிட்டு, அடியில் பிடிமானமுள்ள சப்பாத்தை அணியுங்கள். பனிக்கட்டி படிந்திருந்தால் அதன்மேல் மாட்டும் முள் பட்டியும் தேவை. காற்று திரும்பினால் எறிந்த பனி முகத்துக்கே வரும் என்பதால் கண்ணாடி வேண்டும். பெற்றோல் எஞ்சினின் ஓசை காதுக்குத் தீங்கான 85 டெசிபெல் அளவை எட்டியும் தாண்டியும் போவதால் காதுக் காப்பும் வேண்டும். ஆனால் காதுக் காப்புக்குள் பாட்டுக் கேட்பது வேண்டாம். வீதியில் வரும் வாகனத்தையும் பின்னால் வரும் பிள்ளையையும் கவனிக்க மனம் முழுமையாக அங்கே இருக்க வேண்டும்.

வெளியே கடுங்குளிர். கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே ஸ்டார்ட் செய்து எஞ்சினைச் சூடாக்கலாமா?

வேண்டாம். பெற்றோல் எஞ்சினின் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. கதவு திறந்திருந்தாலும் அது கராஜுக்குள் தேங்கும். நம்முடைய வீடுகளில் பெரும்பாலும் கராஜிலிருந்து வீட்டுக்குள் ஒரு கதவு இருப்பதால் அங்கிருந்து படுக்கையறை வரை போகும். இயந்திரத்தைக் கையால் வெளியே தள்ளி வந்து, திறந்தவெளியில் நிறுத்திய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

இதே வாயு இன்னொரு வழியாலும் வரும். புதிய வகைச் சூடாக்கிகளின் புகைக் குழாய் கூரைக்குப் போகாமல் வீட்டின் பக்கச் சுவரில் தாழ்வாக வெளியே வரும். நீங்கள் எறியும் பனி அதன் வாயை மூடினால் புகை வீட்டுக்குள் திரும்பக்கூடும். 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் அடைபட்ட புகைவழி ஒன்றினால் ஒரு குடும்பத்தில் நால்வர் இந்த வாயுவால் இறந்தார்கள். அதன் பின்னர்தான், 2013இல், வீடுகளில் இதற்கான எச்சரிக்கைக் கருவியை வலியுறுத்தும் ஹோக்கின்ஸ் ஜிக்னாக் சட்டம் வந்தது. உங்கள் வீட்டிலுள்ள கருவியின் சோதனைப் பொத்தானை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் ஆகியவை வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால் எல்லோரையும் வெளியே அழைத்துச்சென்று 911ஐ அழையுங்கள்.

பெற்றோல் ஊற்றும்போது கவனிக்க வேண்டியவை எவை?

வேலையைத் தொடங்குவதற்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வெளியில் வைத்து நிரப்புங்கள். நடுவில் முடிந்துபோனால் குறைந்தது பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான சைலன்சரில் ஒரு சொட்டுத் தெறித்தாலே போதும். சிவப்பு நிறக் கலனைப் பெற்றோல் நிலையத்தில் நிரப்பும்போது காரின் பின்பெட்டிக்குள் வைத்தே நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். நிலைமின்சாரப் பொறி எழாமல் இருக்க அதுவே வழி. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. ஆகவே அது தரையோடு தவழ்ந்து சென்று, தண்ணீர் சூடாக்கியின் சிறு சுடரைத் தேடிப் பிடிக்கும். அந்தச் சூடாக்கி இருக்கும் அறையில் கலனையோ இயந்திரத்தையோ வைக்கக் கூடாது.

மின்சாரத்தில் அல்லது பற்றரியில் ஓடுவது பாதுகாப்பானதா?

புகையும் பெற்றோலும் இல்லை என்ற அளவில் ஆம். கைக்கு உள்ள ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. ஒருவகையில் கூடுதலும் கூட. பற்றரி இயந்திரம் லீவரை விட்டவுடன் ஓசையின்றி நின்றுவிடும், லீவர் தட்டுப்பட்டால் ஓசையின்றி உடனே ஓடவும் செய்யும். அமைதியாக இருப்பதால் அது அணைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். லிதியம் பற்றரியை உறைநிலைக்குக் கீழ் சார்ஜ் செய்தால் அது பழுதாகும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தால் இரண்டு நன்மைகள் ஒருங்கே கிடைக்கும்.

வயரில் ஓடுவதானால் வெளிப்பாவனைக்கும் குளிருக்கும் உரிய தடித்த வயரையே பயன்படுத்தி, கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெளிச் செருகியில் மாட்டுங்கள். எப்போதும் வயர் கிடக்கும் பக்கத்திலிருந்து விலகிச் செல்லும் திசையில் பனியை அகற்றுங்கள். பெற்றோல் இயந்திரங்களில் 120 வோல்ற் வயரால் ஸ்டார்ட் செய்யும் வகையும் உண்டு. அதில் வயரை முதலில் இயந்திரத்திலும் பிறகு சுவரிலும் மாட்ட வேண்டும், கழற்றும்போது சுவரில் இருந்தே முதலில் கழற்ற வேண்டும்.

பனியை எந்தப் பக்கம் எறிய வேண்டும்? வீதியில் தள்ளிவிடலாமா?

ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு, வீதிக்குப் பொறுப்பான அமைப்பின் எழுத்து அனுமதியின்றிப் பனியை வீதியில் இடுவதைத் தடை செய்கிறது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், வீதியில் எறிந்த பனி இரவில் உறைந்து அடுத்த வாகனத்தைச் சறுக்கவைக்கும். எதிர்வீட்டு டிரைவ்வேயில் எறிவது சட்டச் சிக்கலைவிட நீண்டகால மனக்கசப்பைத் தரும்.

இரட்டைக் கட்ட இயந்திரம் பனியைப் பத்து மீற்றருக்கு அப்பாலும் எறியும். அந்தப் பனியோடு ஒரு கல் போனால் அது எறிகணைதான். ஆகவே குழாயின் வாய் எந்த நேரத்திலும் ஆளையோ யன்னலையோ காரையோ நோக்கி இருக்கக் கூடாது; யாராவது அருகில் வந்தால் லீவரை விட்டு நிறுத்திவிடுங்கள், அவர் போனபின் தொடருங்கள். எரிவாயு மீற்றரைச் சுற்றி இயந்திரத்தைக் கொண்டுபோகவோ, அதன்மேல் பனியை எறியவோ வேண்டாம். அங்கே படிந்ததைக் கையாலும் மென்மையான தூரிகையாலும் எடுங்கள். வீட்டுமுன் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதையும் மூடிவிடாதீர்கள்.

மாநகரசபை வாகனம் வழித்து டிரைவ்வேயின் வாயில் குவித்துவிட்டுப் போகும் மேட்டை இயந்திரத்தால் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அது புதுப் பனி அல்ல. வாகனச் சக்கரத்தால் நசுங்கி, உப்பும் மண்ணும் கலந்து, உள்ளே பனிக்கட்டியும் கல்லும் ஒளிந்திருக்கும் கலவை அது. முதலில் ஷவலால் ஆங்காங்கே குத்தி உடைத்துப் பாருங்கள். பெரிய கட்டிகளையும் கற்களையும் கையால் ஒதுக்குங்கள். பிறகு மிக மெதுவான கியரில், மேட்டை மேலிருந்து சிறிது சிறிதாக எடுங்கள். வேகமாக முட்டி ஏற முயன்றால் இயந்திரம் மேலே ஏறித் துள்ளும். இந்த இடத்தில் உங்கள் முதுகு வீதியைப் பார்த்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். விடியுமுன் இருளில் வேலை செய்பவர்கள் ஒளிரும் அங்கி ஒன்றை அணிவது நல்லது. கறுப்பு ஜக்கற்றில் நிற்கும் நம்மை, பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சாரதி காணமாட்டார்.

சரிவான டிரைவ்வேயிலும் சல்லிக்கல் டிரைவ்வேயிலும் எப்படி ஓட்டுவது?

சரிவில் மேலும் கீழுமாக மட்டும் ஓட்டுங்கள், குறுக்காக ஓட்டாதீர்கள்; திருப்புவதைச் சமதரைக்கு வந்தபின் செய்யுங்கள். மிகச் செங்குத்தான இடத்தை ஷவலுக்கே விட்டுவிடலாம். சல்லிக்கல் நிலமானால், முன்வாயின் இரு பக்கத்திலும் உள்ள சறுக்குத் தகடுகளைத் தாழ்த்தி வாயை மூன்று சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்த்துங்கள். அடியில் மெல்லிய பனிப்படலம் மிஞ்சுவதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒற்றைக் கட்ட இயந்திரத்தின் துடுப்புகள் தரையையே தொடுவதால் அதைச் சல்லிக்கல்லில் பயன்படுத்தக் கூடாது.

பின்நோக்கி எடுக்கும்போது சுருளை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, மெதுவாக எடுங்கள். கராஜ் கதவுக்கும் கைபிடிக்கும் நடுவில் நசுங்கிக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது.

எனக்கு இதய நோய் உண்டு. இயந்திரம் இருப்பதால் பயமில்லைதானே?

ஷவலைவிட இயந்திரம் உடலுக்கு இலகு என்பது உண்மை. 1995இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமற்ற, ஆனால் ஆரோக்கியமான பத்து இளைஞர்களின் இதயத் துடிப்பு, ஷவலால் பனி அள்ளும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 175 வரையும், இயந்திரத்தைப் பயன்படுத்தும்போது 124 அளவிலும் இருந்தது. டிரைவ்வே ஒன்று பத்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம் எனவும், பனி 20 சென்ரிமீற்றர் எனவும் கொண்டால், கன மீற்றருக்கு 100 கிலோ என்ற உலர்ந்த பனிக் கணக்கில் கூட ஒரு தொன் பாரத்தை அகற்றுகிறோம். அதைக் கையால் தூக்குவதற்கும் இயந்திரத்தைத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு பெரியது.

ஆனாலும் 124 என்பது கதிரையில் இருக்கும்போதான துடிப்பல்ல. கடுங்குளிர்க் காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிக்கிய இயந்திரத்தை இழுப்பதும் கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்து ஸ்டார்ட் செய்வதும் திடீர்ப் பாரம். தெற்காசியர்களுக்கு இதய நோய் அதிகமாகவும் இளவயதிலும் வருவது மருத்துவர்கள் நன்கறிந்த விடயம். நெஞ்சு நோ, தோள் அல்லது தாடையில் பரவும் வலி, வழமைக்கு மாறான களைப்பு வந்தால் நிறுத்தி 911ஐ அழையுங்கள். "முக்கால்வாசி முடிந்துவிட்டது" என்பது தொடர்வதற்குக் காரணமல்ல. நீரிழிவால் கால் விரல்களில் உணர்வு குறைந்தவர்கள் குளிர்க்கடியை உணராமலே நிற்பார்கள். அவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் உதவி செய்யலாமா?

சிறு பிள்ளைகளை வீட்டுக்குள், இன்னொரு பெரியவரின் பார்வையில் வைத்திருங்கள். புதுப் பனியைக் கண்ட பிள்ளை ஓடிவரும். எஞ்சின் ஓசையில் அதன் குரல் உங்களுக்குக் கேட்காது. பனி மேட்டுக்குள் குகை தோண்டி விளையாடும் பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது அதன்மேல் பனியை எறிந்துவிடும் ஆபத்தும் உண்டு. பதின்ம வயதினரில் யாரை எப்போது அனுமதிப்பது என்பதைக் கையேடு சொல்லும் வயதையும், பத்துவரை எண்ணும் பொறுமை அவருக்கு இருக்கிறதா என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சுருளில் உள்ள ஒரு பின் முறிந்துவிட்டது. வீட்டில் இருந்த ஆணியைப் போடலாமா?

ஷியர் பின் முறிவதற்காகவே செய்யப்பட்டது. கல்லோ கட்டியோ சிக்கும்போது அது முறிந்து கியர்ப் பெட்டியைக் காப்பாற்றுகிறது. அதன் இடத்தில் உறுதியான போல்ற்றைப் போட்டால் அடுத்த முறை முறிவது கியர்ப் பெட்டியாக இருக்கும். மொடலுக்கு உரிய பின்களில் நான்கைந்தை முன்னதாகவே வாங்கி வையுங்கள். மாற்றும்போது எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரையும் கழற்றுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். 911ஐ அழையுங்கள், ரொறன்ரோவில் ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று சொன்னால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். சுத்தமான துணியால் காயத்தை இறுக்கி அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். விரல் துண்டானால் அதை ஈரமாக்கிய சுத்தமான துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்ரிக் பையில் இட்டு, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து உடன் கொண்டுசெல்லுங்கள். விரலை நேரடியாக ஐஸிலோ, அருகில் கிடக்கும் பனியிலோ புதைக்க வேண்டாம். உறைந்த தசை மீண்டும் பொருந்தாது. சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் காயப்பட்டவருக்குத் தேநீர் கூடக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் அப்படியே கராஜுக்குள் தள்ளிவிடலாமா?

வெளியிலேயே இன்னும் ஓரிரு நிமிடம் சுருளை ஓடவிட்டு, ஒட்டியிருக்கும் பனியைச் சிதறவிடுங்கள். இல்லையேல் அது உள்ளே உறைந்து, அடுத்த முறை சுருள் அசையாது. பிறகு எஞ்சினை நிறுத்தி, பெற்றோல் வால்வை மூடி, ஆறவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். திறப்பை இயந்திரத்தில் விடாமல் பிள்ளைகளுக்கு எட்டாத கொளுக்கியில் மாட்டுங்கள்.

என்னிடம் கையேடே இல்லையே?

இயந்திரத்தின் பின்சட்டத்தில் அல்லது முன்வாயின் பின்புறத்தில் ஒரு சிறு தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதில் உள்ள மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் தேடினால் பெரும்பாலான மொடல்களுக்குக் கையேடு இலவசமாகக் கிடைக்கும். அதில் அடைப்பெடுப்பது பற்றிய பக்கத்தை மட்டுமாவது அச்சிட்டு, தும்புத்தடிக் கைபிடியைக் கட்டிய அதே இடத்துக்கு மேலே, கராஜ் சுவரில் ஒட்டிவையுங்கள்.